மோசே கேட்கச் சொன்ன கேள்விகள்



ஓய்வுபெற்றபின் எங்கே குடியிருப்பது என்னும் கேள்வியோடு அண்மைக்காலத்தில் பலர் என்னைச் சந்திக்கின்றனர். சென்னையின் நெரிசலும் வாடகையும் கோடையும் சலித்துப்போன நிலையில், சொந்த ஊருக்கோ மலைப்பகுதிக்கோ போய்விடலாம் என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். இந்தக் கேள்வி எனக்கும் புறம்பானதன்று. போதகருக்குக் குருமனை உண்டு. சொந்த வீடு பெரும்பாலும் இல்லை. ஓய்வுபெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். எனக்கு அந்த நாள் இன்னும் நான்கு ஆண்டுகளில் வருகிறது. ஆகவே கடந்த ஓராண்டாக நானும் என் துணைவியாரும் இரண்டு இடங்களைக் குறித்து ஜெபித்தும் விசாரித்தும் வருகிறோம். அவ்வேளையில் எண்ணாகமம் 13-ஆம் அதிகாரம் எனக்குத் துணைநின்றது. அதையே இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

பாரான் வனாந்தரத்திலிருந்து பன்னிரண்டு பேரைக் கானானுக்கு அனுப்பும்போது மோசே அவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலையே கொடுத்தனுப்புகிறார் (வசனங்கள் 17 முதல் 20 வரை). அங்குள்ள மக்கள் பலம் மிகுந்தவர்களா, பலவீனரா? கொஞ்சம் பேரா, திரளானவர்களா? பட்டணங்கள் திறந்த கூடாரங்களா, மதில் சூழ்ந்தவையா? மண் வளமானதா, இளைத்ததா? மரங்கள் உண்டா, இல்லையா? கவனியுங்கள், பாதுகாப்பைப் பற்றியும் நிலவளத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் கேட்கிறார். அது கர்த்தர் தருவதாகச் சொன்ன தேசம். அப்படியிருந்தும் அதை ஆராய்ந்து பார்ப்பது அவிசுவாசமாக எண்ணப்படவில்லை. பத்துப் பேர் தவறியது ஆராய்ந்ததினால் அன்று. காலேபும் யோசுவாவும் அதே மதில்களையும் அதே மக்களையும் கண்டார்கள், அவற்றை மறுக்கவில்லை. கண்டதைப் பயத்தின் கையில் கொடுத்துவிடாமல் இருந்தார்கள் என்பதே வேறுபாடு.

இனி நாங்கள் பார்த்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறு மனை. கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரம். மே மாதத்திலும் மின்விசிறி தேவைப்படாத காற்று. சென்னையின் வெயிலில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த எவருக்கும் அந்தக் காற்றே ஒரு அழைப்பாகத் தோன்றும். ஆனால் விசாரிக்கத் தொடங்கியபோது வேறு செய்திகளும் வந்தன. 2009 நவம்பரில் அந்த மாவட்டத்தில் பெய்த பெருமழையில் பல இடங்களில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டனர். 2024 ஜூலை 30 அதிகாலையில் அண்டை மாவட்டமான வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த அந்த நாளுக்காக நம் ஆலயத்திலும் கண்ணீரோடு ஜெபித்தோம்.

மலைச்சரிவு தானாக மட்டும் நேர்வதில்லை. சரிவின் அடிப்பகுதியை வெட்டிச் சமதளமாக்கி வீடு கட்டும்போது, மேலேயுள்ள மண் தாங்குதலின்றி நிற்கிறது. மரங்களும் புல்லும் அகற்றப்பட்டபின் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டுகிறது. நீர் வழிந்தோடும் ஓடையை அடைத்துவிட்டால் ஆபத்து இன்னும் பெருகுகிறது. நாங்கள் பார்த்த மனை அப்படி வெட்டியெடுக்கப்பட்ட ஒரு தளம். அதற்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்திற்குச் செம்மண் சுவர். அதில் தடுப்புச் சுவரும் இல்லை, நீர் கசிந்து வெளியேற வழியும் இல்லை. என் துணைவியாருக்கு நீண்டகாலமாக ஆஸ்துமா உண்டு. குளிர்ந்த ஈரக்காற்று இளைப்பைத் தூண்டக்கூடும் என்று அவரைக் கவனித்துவரும் மருத்துவரும் எச்சரித்தார். இளைப்பு முற்றிய ஓர் இரவில், மழையில், பனிமூட்டத்தில், கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கோயம்புத்தூருக்கு இறங்குவதை எண்ணிப் பார்த்தோம். அழைப்பாகத் தோன்றிய காற்று அந்த எண்ணத்தின் முன் அமைதியாயிற்று.

லோத்து தன் கண்களை ஏறெடுத்து யோர்தான் சமபூமியைப் பார்த்ததை ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எங்கும் நீர்வளம், தோட்டம்போன்ற செழிப்பு. அவன் பார்த்தது பொய்யன்று. பார்க்க வேண்டியதில் அது ஒரு பாதி மட்டுமே. மோசேயின் பட்டியலில் இருந்த மறுபாதிக் கேள்விகளை, அதாவது அங்கே வாழ்கிறவர்கள் யார், அவர்கள் நடுவில் என் வீட்டார் எப்படி இருப்பார்கள் என்பதை, அவன் கேட்டதாக வேதத்தில் காணோம். ஒரு நல்ல பருவத்தில், ஒரு நல்ல நாளில் பார்த்துவிட்டு நிலம் வாங்குகிற நமக்கு இதில் பாடம் உண்டு.

இரண்டாவது இடம் என் துணைவியாரின் பூர்வீக ஊர். ஸ்ரீவைகுண்டத்திற்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையோரம். வாழைத் தோட்டமும் நெல்வயலும் சூழ்ந்த ஊர். ஆற்றங்கரையை ஒட்டி அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற பத்து சென்ட் மனை. உறவினர் இருக்கிறார்கள், ஆலயம் நடந்துபோகும் தூரம். ஆனால் அங்கேயும் தட்பவெப்பம் தன் கணக்கைக் காட்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். வறண்ட மாவட்டம் என்று நாம் சொல்லிவந்த நிலம் கடலாயிற்று.

சென்ற ஆனி மாதம் அங்கே சென்றபோது, அவ்வூரின் மூத்த சபையார் ஒருவரிடம் கேட்டேன்: “ஐயா, இந்த மனையில் தண்ணீர் எதுவரை வந்தது?” அவர் பதில் சொல்லாமல் என்னை ஒரு பழைய வீட்டுச் சுவரருகே அழைத்துச் சென்றார். “இது தொண்ணூற்றிரண்டில் வந்த வெள்ளம்” என்று தம் இடுப்பளவு காட்டினார். பிறகு கையைத் தலைக்குமேல் உயர்த்தி, “இது இருபத்துமூன்றில் வந்தது. ஐயா, ஆறு தன் இடத்தை மறப்பதில்லை, நாம்தான் மறக்கிறோம்” என்றார். எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிற்று.

ஆகையால் பிரியமானவர்களே, கிராமத்தில் நிலம் பார்க்கிறவர்களுக்கு ஒரு போதகனாகவும் ஒரு குடும்பத் தலைவனாகவும் சில காரியங்களைச் சொல்லுகிறேன். மனையைக் கோடையிலும் பாருங்கள், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் பாருங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டு, அருகே ஓடையோ வாய்க்காலோ குளத்தின் நீர்ப்பிடிப்போ இருந்ததா என்று விசாரியுங்கள். மலிவாகக் கிடைக்கும் மனை ஏன் மலிவு என்று கேளுங்கள். கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கடற்கரை மாவட்டங்களில் உவர்நீர் ஒரு மெய்யான சங்கடம். அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். மின்சாரம் நின்றால் முதியவர் ஒருவர் அங்கே எப்படித் தாங்குவார் என்று எண்ணுங்கள்.

மருத்துவமனையின் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் நிமிடத்தில் அளந்து பாருங்கள். அதையும் இரவில் அளந்து பாருங்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் மாண்டதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்பது வீண் பயமன்று. வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமல் வைப்பதும், இரவில் கைவிளக்கோடு நடப்பதும் விசுவாசக் குறைவல்ல.

இவ்வளவையும் கேட்டபின், அப்படியானால் நகரத்திலேயே இருந்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். 2015 டிசம்பரில் நம் தெருக்களில் படகு ஓடியதை நாம் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் கண்டோம். ஆபத்தில்லாத ஊர் ஒன்று வரைபடத்தில் இல்லை. எந்த ஆபத்தை அறிந்து, யாரோடு சேர்ந்து தாங்கப்போகிறோம் என்பதே நாம் தெரிந்தெடுக்கக் கூடியது.

அந்த ‘யாரோடு’ என்பதை 2023 வெள்ளமே எனக்கு விளக்கிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய எண்ணூறு பயணிகள், சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படையினர் வந்துசேரும் முன்பே அருகிலிருந்த கிராமத்து மக்கள் தங்களிடமிருந்த அரிசியைப் பொங்கி அந்த அந்நியருக்குக் கொடுத்தார்கள். தங்கள் வீடுகளும் வயல்களும் நீரில் கிடந்த நேரம் அது. பயணிகளின் பெயரோ சாதியோ மதமோ கேட்கப்படவில்லை. அண்டை அயலாரும் ஒரு மதில்தான் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இங்கே கேள்வி நம் பக்கமாகத் திரும்புகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எடுக்க வேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. ஒருவன் அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் சுமரும் என்பதே காரணம். அந்தச் சுவர் பிறனைக் காக்கும்படி கட்டப்படுகிறது. அந்த ஊர் எனக்குப் பாதுகாப்பானதா என்று நூறுமுறை கேட்கிற நாம், என் வருகை அந்த ஊருக்குப் பாதுகாப்பானதா என்று ஒருமுறையாவது கேட்கிறோமா? வெள்ளத்துக்குப் பயந்து என் மனையில் மட்டும் நான்கு அடி மண் நிரப்பி உயர்த்தினால், என் வாசலில் நிற்க வேண்டிய நீர் ஏழை அயலானின் குடிசைக்குள் போகும். என் தோட்டத்திற்காக ஆழமான ஆழ்துளைக் கிணறு இறக்கினால், தலைமுறையாய் அவர்கள் இறைத்த கிணறு வற்றலாம். பஞ்சகாலத்தில் கேராரில் தங்கிய ஈசாக்கு, இரண்டு துரவுகளைச் சண்டையின்றி விட்டுக்கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தோண்டியதை ஆதியாகமம் 26-இல் காண்கிறோம். புதிதாய்க் குடியேறுகிறவன் முதலாவது கற்க வேண்டிய பாடம் நீரில்தான் இருக்கிறது.

எங்கள் தீர்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி மனையை விட்டுவிட்டோம். ஆற்றங்கரையிலுள்ள பூர்வீக மனையில் வீடு கட்டுவதில்லை என்றும் முடிவு செய்தோம். தகப்பனார் வைத்த தென்னைகள் அங்கே நிற்கட்டும். ஆறு வரும்போது அதற்கும் இடம் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது என் துணைவியார் அழுதார். பிறந்த மண்ணை அப்படி விடுவது எளிதன்று. அதே ஊரின் மேட்டுத் தெருவில், 2023-இல் நீர் ஏறாத இடத்தில், முதல் ஆண்டு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கடந்து பார்ப்போம். அதற்குப்பின் கட்டுவதா, தங்குவதா என்பதைக் கர்த்தர் காண்பிப்பார். திருநெல்வேலியிலுள்ள பெரிய மருத்துவமனை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தூரத்தை எங்களால் குறைக்க முடியாது. அதை அறிந்தே போகிறோம். அவருடைய மருந்தும், இரவில் அழைத்தால் வண்டியெடுக்க ஒப்புக்கொண்ட இரண்டு அயலாரின் எண்களும் எங்களோடு இருக்கும்.

இந்த வாரம், குடிபெயர எண்ணுகிற குடும்பங்கள் எண்ணாகமம் 13:17 முதல் 20 வரை வாசித்து, அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியும் தனித்தனியே பதில் எழுதிப் பாருங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். இறுதியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாம் அங்கே போவதினால் அங்குள்ளவர்களுக்கு என்ன நன்மை? அதற்குப் பதில் கிடைத்த இடத்தில் துணிந்து கூடாரம் போடலாம்.

ஜெபம்: எங்கள் நாட்களையும் எல்லைகளையும் அறிந்த ஆண்டவரே, பார்ப்பதற்குத் திறந்த கண்களையும், பார்த்ததினால் கலங்காத இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் தங்கும் இடம் எங்களுக்கு மட்டுமல்ல, எங்கள் அயலாருக்கும் அடைக்கலமாயிருக்க உதவி செய்யும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்