சுடுநீர்த் தொட்டியும் ஓர் அனுமதிப்பத்திரமும்

அமெரிக்க நாட்டில் வீட்டு முற்றத்துக்குச் சுடுநீர்த் தொட்டி வாங்குபவர் முதலில் வினவுவது அதன் விலையை. இறுதியில் நினைப்பது மின்னிணைப்பை. இவ்வொழுங்கு தலைகீழானது.

இத்தொட்டியின் வரலாற்றில் நோவுக்கும் அன்புக்கும் இடமுண்டு. இத்தாலியிலிருந்து கலிபோர்ணியாவிற் குடியேறி, நீர்ப்பம்பிகள் செய்துவந்த ஜக்கூசி குடும்பத்தவருள் ஒருவரான கன்டிடோ, மூட்டுவாதத்தால் வருந்திய தம் மகனுக்காகக் குளியற்றொட்டியில் நீரைச் சுழற்றும் பம்பியொன்றை அமைத்தார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் பெற்றோரின் முழங்கால் நோவைத் தணிக்கவே தொட்டி வாங்கும் பிள்ளைகள் உளர். ஆனால் அன்பு அவசரமுடையது. நகரசபையிற் படிவம் நிரப்பிக் காத்திருக்க அது விரும்புவதில்லை. தெரிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் இணைத்துத் தருவார் என்ற சொல்லே அதற்கு இனிக்கும்.

பெருந்தொட்டிகளுக்கு வேண்டுவதோ 240 வோல்ற் மின். நனைந்த உடல் மின்னுக்கு எளிதில் வழிவிடும். ஆகவே அந்நாட்டு மின்சார விதிக்கோவையின் 680ஆம் பிரிவு சில காவல்களை விதிக்கின்றது. சென்ற மின்னோட்டமும் மீண்ட மின்னோட்டமும் ஏறத்தாழ 5 மில்லியம்பியர் வேறுபட்டாலே இணைப்பைக் கணத்தில் அறுக்கும் கருவி வேண்டும். துண்டிக்கும் ஆளி தொட்டியருகே நிற்பவர் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். எனினும் நீரிலிருந்து 5 அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். பழுதுபார்ப்பவர் அதனைக் காண வேண்டும். குளிப்பவர் கை அதனை எட்டலாகாது.

இவற்றையெல்லாம் நேரில் வந்து நோக்கிய பின்னரே பரிசோதகர் கையொப்பமிடுவார். தாயை நீரில் இறக்குமுன் மகன் அதன் வெப்பத்தைக் கைவைத்து அறிகின்றான். மின்னை அவ்வாறு அறிதல் இயலாது. அவ்விடத்தில் அவன் கைக்குப் பதிலாக நிற்பது அந்தக் கையொப்பமே.