குயிலாப்பாளையத்தில் அறை தேடுகிறீர்களா? வாடகையைக் கேட்கும் முன் ரோட்டைப் பாருங்க!

பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஃபீஸும் கட்டியாயிற்று. அதற்குப் பிறகு வருகிறது விடுதிப் பட்டியல். அதில் உங்கள் பெயர் இல்லை. வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். வீட்டிலிருந்து போன் வருகிறது, "எங்கப்பா தங்கப் போற?"

இப்படி ஒரு நிலைமையில் காதில் விழும் ஊர்களில் ஒன்றுதான் குயிலாப்பாளையம். ஆரோவில் பக்கம், மரம் நிறைய, அமைதியான இடம், கஃபே எல்லாம் இருக்கிறது என்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் போட்டோவில் அழகாகத் தெரிகிற ஊரும், தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி வகுப்புக்குப் போக வேண்டிய ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை அந்த வழியே போய்ப் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

ஒரே சாலை, இரண்டு அரசு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பஸ் ஏறினால், ஊர் எல்லை தாண்டியதுமே கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறோம். பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வந்ததும் மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த நிலங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. 1954-ல் அவை இந்தியாவின் கைக்கு வந்தபோதும் அந்தத் துண்டுகள் அப்படியே தொடர்ந்தன. காலாப்பட்டு அப்படி ஒரு துண்டு.

இந்தத் துண்டில்தான் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், முன்பு பாண்டிச்சேரி இன்ஜினீயரிங் கல்லூரியாக இருந்த புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, கொஞ்சம் தள்ளி பிம்ஸ் மருத்துவக் கல்லூரி. எல்லாம் ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. விடுதி கிடைக்காதவர்கள் அறை தேடுவதும் இதே சாலையைச் சுற்றித்தான்.

காலாப்பட்டிலேயே அறை கிடைத்தால் நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம். அங்கே கிடைக்காதபோது பொம்மையார்பாளையம், அடுத்து பெரியமுதலியார்சாவடி, அங்கிருந்து உள்ளே திரும்பினால் குயிலாப்பாளையம். அதாவது புதுச்சேரியில் படிப்பு, தமிழ்நாட்டில் படுக்கை. இது சும்மா வேடிக்கைக்குச் சொல்வதல்ல. கரன்ட் பில், காவல் நிலையம், பெட்ரோல் விலை என எல்லாமே இதனால் மாறுகிறது.

கடலிலிருந்து செம்மண்ணுக்கு

பெரியமுதலியார்சாவடியில் ஆரோவில் சாலைக்குத் திரும்பியதுமே காற்று மாறிவிடும். கடலின் உப்புக் காற்று பின்னால் போக, நிலம் மெல்ல மேடேறும். மண் சிவக்கும். முந்திரித் தோப்பும், ஆரோவில்காரர்கள் வளர்த்த காடும் ஆரம்பிக்கும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு மழையில் அரித்துப்போன பொட்டல். இன்று நிழல் விழுகிற சாலை. அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் வந்தால் குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம்.

ஊருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது. மெயின் ரோட்டில் விருந்தினர் இல்லங்கள், வாடகை ஸ்கூட்டர் கடைகள், துணிக்கடைகள், ஆரோவில் பேக்கரி. ரோட்டிலிருந்து சந்துக்குள் நுழைந்தால் திண்ணை, மாடு, கோயில், தண்ணீர்க் குடம். மாட்டுப் பொங்கலுக்கு அலங்கரித்த மாடுகளைப் பார்க்க வெளிநாட்டினரும் திரண்டு வருவார்கள். சந்துக்குள்தான் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் அறை இருக்கும். மெயின் ரோட்டில் இருப்பது சுற்றுலாப் பயணிக்கான அறை.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நாள் வாடகைக்கு ஆள் வருகிற ஊரில் மாத வாடகை மாணவர் இரண்டாம்பட்சம்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். செமஸ்டர் தேர்வு வருகிற நேரத்தில் ‘ரூமைக் கொஞ்சம் காலி பண்ணித் தரீங்களா தம்பி?’ என்ற பேச்சு வராமல் இருக்க வேண்டுமானால், எத்தனை மாதத்துக்கு அறை என்பதை முதல் நாளே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

‘அக்கா, அட்வான்ஸ் எவ்வளவு?’

இதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அந்த அட்வான்ஸ் எப்போது, எதைக் கழித்துக்கொண்டு திரும்பி வரும் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. கிராமத்தில் அதை நீட்டிச் சண்டை போட முடியாது. ஆனால் ‘மூணு மாசம்தானே அக்கா முறை’ என்று பேசிப் பார்க்க அது நல்ல அளவுகோல்.

பெயர், வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர் தங்கலாம், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். இந்த ஐந்தும் இருவர் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்கட்டும். அட்வான்ஸை முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். நுழையும் நாளே சுவர், கதவு, குழாய், ஃபேன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். போகும்போது பெயின்ட் கணக்கில் வரும் பாதித் தகராறு இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். யூனிட் கூடக் கூட விலையும் கூடும். கீழ்வீடு, மாடி அறை எல்லாம் ஒரே மீட்டரில் ஓடினால், மற்றவர் ஓட்டும் ஏ.சி-யின் சுமையும் உங்கள் தலையில் விழலாம். ‘தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு?’ என்று மூன்றையும் கேளுங்கள்.

தண்ணீரைக் கேட்டால் மட்டும் போதாது, குடித்துப் பாருங்கள். வடக்கே மரக்காணம் உப்பளம் வரை நீளும் கடற்கரை இது. கடலை ஒட்டிய அறைகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உப்புத் தண்ணீர் என்றால் மாதம் முழுக்க கேன் தண்ணீர் வாங்க வேண்டும். அதுவும் வாடகையில் சேர்த்தி.

பிறகு, கூரையைப் பாருங்கள். மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை மலிவாகக் கிடைக்கும். ஏப்ரல், மே வெயிலில் பகல் முழுக்க அதில் உட்கார முடியாது. அதைவிட முக்கியம் புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என இரண்டும் இந்தக் கரையைத் தாக்கியவை. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தங்கப்போகிறவர்களுக்கு கான்கிரீட் கூரை ஆடம்பரம் இல்லை.

இட்லியா, குரோசான்ட்டா?

விடுதியில் பெரும்பாலும் ‘டிவைடிங்’ முறைதான். மாதச் சாப்பாட்டுச் செலவை, சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையால் வகுத்து பில் போடுவார்கள். ருசியைக் குறை சொன்னாலும் மூன்று வேளைக்கு அதைவிட மலிவாக வெளியில் சாப்பிடுவது கஷ்டம். குயிலாப்பாளையத்தில் குரோசான்ட் கிடைக்கும், பீட்சா கிடைக்கும். ஆனால் அந்த விலைப் பட்டியல் விடுமுறைக்கு வந்தவர்களுக்கானது. தினமும் சாப்பிட வேண்டியவருக்கு இட்லிக் கடை அல்லது சொந்த அடுப்புதான் கைகொடுக்கும்.

சமைக்க அனுமதி உண்டா, அசைவம் சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முகவரிச் சான்று இல்லையே என்று கவலை வேண்டாம். அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து சமைத்தால் மெஸ் பில்லுக்குப் பக்கத்தில் வரலாம். தனி ஆளாகச் சமைத்தால் வராது.

அந்த ஏழு கிலோமீட்டர்

இனிதான் முக்கியமான கணக்கு. குயிலாப்பாளையத்திலிருந்து பல்கலைக்கழக வாசல் ஏறக்குறைய ஆறேழு கிலோமீட்டர். மாதம் 25 நாள் போய் வந்தால் சுமார் 325 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு ஏழெட்டு லிட்டர் பெட்ரோல். காலாப்பட்டில் பெட்ரோல் போட்டால் தமிழ்நாட்டு விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். ஆனால் சர்வீஸ், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். காலாப்பட்டு அறையைவிட இங்கே வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று வந்தால், அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி ரோட்டிலேயே போய்விடும்.

வண்டி இல்லாதவர்களுக்கு இன்னும் சிரமம். பஸ் பிடிக்கவே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அல்லது ஷேர் ஆட்டோ. தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் பேருந்துக்கு அது பொருந்தாது. எந்த நேரத்துக்கு எந்த பஸ் வருகிறது என்று நாலு நாள் நின்று பார்த்தவருக்குத்தான் அதில் லாபம்.

செலவைவிட முக்கியமானது நேரமும் உயிரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் பேருந்துகளும் வேகமாகப் போகும். ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தில் இரவு வரை படித்துவிட்டு, மழையில், ஸ்கூட்டரில், அந்தச் சாலையில் வந்து, பிறகு மரங்களுக்கு நடுவே இருட்டான ஆரோவில் சாலையில் திரும்ப வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இப்படி என்றாலே, ‘நாளைக்கு லைப்ரரி வேண்டாம்’ என்று மனது சொல்ல ஆரம்பித்துவிடும். படிக்க வந்த இடத்தில் படிப்புதான் முதலில் குறைகிறது. அறை தேடும்போது யாரும் கணக்கில் எடுக்காத வாடகை இதுதான்.

மகளை அனுப்பும் வீட்டுக்கு

தனியார் மகளிர் விடுதி என்றால், தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. உரிமத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்கவும் தயங்குங்கள்.

குயிலாப்பாளையத்தில் ஏதாவது என்றால் போக வேண்டியது ஆரோவில் காவல் நிலையம், தமிழ்நாடு. பல்கலைக்கழக வாசலில் ஏதாவது என்றால் காலாப்பட்டு காவல் நிலையம், புதுச்சேரி. அவசரத்துக்கு எல்லைக் கணக்கு பார்க்காமல் 112. ராகிங் தொல்லைக்கு யு.ஜி.சி-யின் இலவச எண் 1800-180-5522. 2009-ம் ஆண்டு விதிகள் வளாகத்துக்கு வெளியே, தனியார் அறையில் நடக்கும் ராகிங்குக்கும் பொருந்தும்.

விடுதி கேட்காத கேள்வி

வாடகை அறை தேடிய பலருக்கும் பழக்கமான கேள்வி ஒன்று உண்டு. ‘எந்த ஊரு? வீட்ல என்ன பண்றாங்க?’ என்று ஆரம்பித்து, ‘என்ன ஆளுங்க?’ என்று வந்து நிற்கும். இதனாலேயே அறை கிடைக்காமல் அலைந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கேரளாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். மொழி தெரியாதவர்களுக்கு இந்தத் தேடல் இன்னும் நீளம். விடுதியில் பட்டியலில் பெயர் வந்தால் படுக்கை உண்டு. ‘என்ன ஆளுங்க’ என்று அங்கே வாசலில் யாரும் கேட்பதில்லை. விடுதி என்பது மலிவான அறை மட்டும் இல்லை என்பது வெளியே தேடும்போதுதான் புரியும்.

அதனால் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் உண்டா, சேர்ந்தவர்கள் விலகினால் இடம் தருவார்களா, தூரத்து மாவட்டத்துக்காரருக்கு முன்னுரிமை உண்டா என்று விடுதி அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள். உதவித்தொகை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விடுதி மாணவருக்குத் தொகை அதிகம், வீட்டிலிருந்து வருபவருக்குக் குறைவு. வெளி அறையில் தங்கினால் உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பட்ஜெட் போடுங்கள்.

யாருக்குச் சரி, யாருக்குச் சரியில்லை?

வண்டி இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் வளாகத்துக்குப் போனால் போதும், ஆய்வேடு எழுத அமைதி வேண்டும் என்கிற ஆராய்ச்சி மாணவருக்குக் குயிலாப்பாளையம் நல்ல ஊர். சேர்ந்து சமைக்கத் தயாரான மூன்று நண்பர்களுக்கும் சரிப்படும். முதன்முறை வீட்டை விட்டு வந்து, வண்டி இல்லாமல், தினமும் காலை வகுப்புக்கு ஓட வேண்டிய முதலாமாண்டு மாணவருக்கு இது சரியில்லை. அவர் இரண்டு பேருக்கு மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டாலும் பரவாயில்லை, காலாப்பட்டிலேயே இடம் தேடுவது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அறை பார்க்கப் போகாதீர்கள். அன்று ஊரே விருந்தாளிக்காகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு வேலைநாளில், இரவு எட்டு மணிக்குப் பல்கலைக்கழக வாசலிலிருந்து கிளம்பி, நீங்கள் தினமும் எதில் போவீர்களோ அதிலேயே குயிலாப்பாளையத்துக்குப் போய்ச் சேருங்கள். அந்த வழி உங்களுக்குச் சரி என்று பட்டால், அதற்குப் பிறகு வீட்டுக்கார அக்காவிடம் வாடகை பேசலாம்.