பெயர் மறந்தாலும் எதுகை மறக்காது

2021 ஓகஸ்ட் 3ஆம் திகதி ரோனி பெனட்டுக்கு 95 வயசு. அண்டைக்கு இரவு நியூயோர்க்கின் ரேடியோ சிற்றி மியூசிக் ஹோலில லேடி காகாவோட சேர்ந்து பாடினார். ஒரு நாள் விட்டு 5ஆம் திகதியும் பாடினார். கச்சேரிக்கு வைச்ச பேர் 'வன் லாஸ்ட் ரைம்'. கடைசியாய் ஒருக்கா. பேர் பொய்க்கேல்ல, அதுக்குப் பிறகு அவர் கச்சேரி செய்யவில்லை.

2016இலேயே அவருக்கு அல்ஸைமர் எண்டு கண்டுபிடிச்சிட்டினம். வெளியுலகத்துக்குத் தெரியவந்தது 2021 பெப்ரவரியில. இடையில அவரும் காகாவும் 'லவ் ஃபோர் சேல்' எண்ட இசைத்தட்டைப் பதிவுசெய்தவை. அதில இருக்கிற பாட்டெல்லாம் ஒரே ஆள் எழுதினது: கோல் போர்ட்டர். கச்சேரி முழுக்கப் போர்ட்டர் பாட்டில்லை. ஆனா இசைத்தட்டின் தலைப்புப் பாட்டையும் 'எனிதிங் கோஸ்' பாட்டையும் ரெண்டுபேரும் சேர்ந்து பாடிச்சினம். ஜாஸ் பற்றி எனக்குப் பெரிசாய் ஒண்டும் தெரியாது. காகாவுக்காகத்தான் யூரியூப்பில தேடினனான், பெனட்டில நிண்டிட்டன்.

போர்ட்டர் 1891இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துப் புரோட்வேயில பொதுவா ஒருத்தர் மெட்டுப் போட இன்னொருத்தர் வரி எழுதுவார். போர்ட்டர், ஏர்விங் பேர்லின் மாதிரிச் சிலர்தான் ரெண்டையும் தாங்களே செய்தவை. போர்ட்டரின்ர தனி விளையாட்டு, பட்டியல் பாட்டு. 1934இல் வந்த 'யூ ஆர் த ரொப்' பாட்டைக் கேட்டுப்பாருங்கோ. காதலைச் சொல்ல, பேர்போன அருங்காட்சியகத்தையும் மிக்கி மவுசையும் ஒரே பந்தியில இருத்திவிடுவார். ஒண்டுக்கும் மற்றதுக்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. எதுகையும் தாளமும்தான் சேர்த்துக் கட்டுது.

மறதி உள்ள ஒருத்தருக்கு இது ஆகக் கஷ்டமான பாட்டு எண்டுதான் முதலில நினைச்சன். யோசிச்சுப் பார்த்தா மறுவளம். கதையை நினைவு வைச்சிருக்கத் தேவையில்லை. ஒரு அடி முடியிற ஓசை அடுத்த அடியைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரும். நாங்களும் பள்ளிக்கூடத்தில மனனம் பண்ணின செய்யுள்களின்ர பொருளை மறந்திட்டம், எதுகை மட்டும் இப்பவும் வாயில வருது. பழகின இசை பதிஞ்சிருக்கிற மூளைப் பகுதிகளை அல்ஸைமர் பிந்தித்தான் தாக்குது எண்டு ஆய்வாளர்கள் சொல்லுறதும் இதோட ஒத்துப்போகுது. பெனட்டின்ர நரம்பியல் மருத்துவரே, பாடுறதை விடாதேங்கோ எண்டுதான் ஊக்கப்படுத்தினவர். வீட்டில பியானோக்காரரோட வாரத்துக்கு ரெண்டு தடவை பாடிப் பழகிக்கொண்டிருந்தவர்.

காகா மேடைக்கு வந்தவுடன அவர் அவவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கனகாலத்துக்குப் பிறகு தன்ர பேர் அவற்ற வாயில வந்தது அண்டைக்குத்தான் எண்டு அவ பிறகு ஒரு பேட்டியில சொன்னவ.

இதைப் பார்த்துக் கண்கலங்கிறது லேசு. ஆனா கேள்வி ஒண்டு இருக்கு. தனக்கு என்ன வருத்தம் எண்டு விளக்கிச் சொன்னாலும் பிடிபடாத ஒரு மனிசனை ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால, கமெராவுக்கு முன்னால நிப்பாட்டலாமோ? ரிக்கெற் வித்திருக்கு, தொலைக்காட்சியில போட்டிருக்கு. சம்மதம் ஆரிட்ட வாங்கினது?

எங்கட வீட்டில இந்தக் கேள்விக்குப் பதில் சுகமாய்க் கிடைச்சது. அம்மம்மாவுக்கு மறதி கூடினதில இருந்து கலியாணவீடு, சாமத்தியவீடு ஒண்டுக்கும் அவவைக் கூட்டிக்கொண்டு போறேல்ல. "சனத்துக்கு முன்னால ஏன் அவவைக் காட்டுவான்" எண்டு பெரியாக்கள் முடிவெடுத்தினம். அன்பிலதான் சொன்னவை. என்னை அவ தன்ர தங்கச்சியின்ர பேரிலதான் கூப்பிடுறவ. ஆனா புட்டு மாவைக் கையில குடுத்தா, பதம் ஒருநாளும் பிழைக்கேல்ல. அதைப் பார்க்கிறது குசினியில நிக்கிற ரெண்டு பேர் மட்டும். நாங்கள் காப்பாத்தினது அவவின்ர மானத்தையா, எங்கட வெக்கத்தையா?

போர்ட்டரின்ர கதையும் இங்கதான் வந்து முட்டுது. 1937இல் குதிரை விழுத்தி ரெண்டு காலும் நொருங்கிப்போச்சு. அந்த வலியோடயே 1948இல் 'கிஸ் மீ, கேற்' எழுதினவர். 1958இல் வலது காலை எடுத்தாப் பிறகு ஒரு பாட்டும் எழுதேல்ல, ஆக்களைச் சந்திக்கிறதையும் குறைச்சு, 1964இல் செத்துப்போனார். ஒதுங்கிறது அவரே எடுத்த முடிவு. அதையும் மதிக்கத்தான் வேணும். அம்மம்மாவுக்கு அந்த முடிவை நாங்கள் எடுத்தம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது பெரிய வித்தியாசம்.

மேடையில காகா செய்ததை இன்னொருக்காப் பாருங்கோ. அவரை இழுத்துக்கொண்டு போகேல்ல. முகத்தைப் பார்த்து நிக்கிறா, அவர் அடியெடுக்கும்வரைக்கும் இடம் விடுறா. மறந்தவர் எண்டு அவரைத் தாங்கிப்பிடிக்காமல், பாடகர் எண்டு அவரோட சேர்ந்து பாடுறா. காட்டுறதோ மறைக்கிறதோ எண்டு சண்டைபிடிக்கிற எங்களுக்கு, எப்பிடிப் பக்கத்தில நிக்கிறது எண்டதுதான் முதல் பாடம்.

பெனட் 2023 யூலை 21ஆம் திகதி காலமானார். கடைசி நாட்களிலும் வீட்டில பியானோவுக்குப் பக்கத்தில பாடிக்கொண்டுதான் இருந்தார் எண்டு அவற்ற பக்கத்தில போட்டிருந்திச்சினம். கடைசியாய்ப் பாடினது, அவரை முதன்முதல் முதலாமிடத்துக்குக் கொண்டுபோன 'பிக்கோஸ் ஒஃப் யூ'. அங்க ரிக்கெற்றும் இல்லை, கமெராவும் இல்லை.