கண்ணைச் சிமிட்டுங்க சார்

நவம்பர் 1, சனி

நவம்பர் பிறந்துவிட்டது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு இது உயிர்ச்சான்று மாதம். இன்னும் இருக்கிறோம் என்று காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பிறகு ஓய்வூதியம் நின்றுபோகும். 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே காட்டலாம். எனக்கு 72. அந்தச் சலுகைக்கு இன்னும் 8 வருஷம் கிடக்கிறது. 80 ஆனால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, நூறைத் தொட்டால் இன்னொரு முழு ஓய்வூதியம். இந்தக் கணக்கைக் காலையில் காப்பி குடித்துக்கொண்டே வீட்டில் விளக்கினேன். “அது இருக்கட்டும், சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?” என்றாள் மனைவி.

போடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மகள் வாங்கி அனுப்பிய மாத்திரைப் பெட்டியில் ஏழு அறைகள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு ஆங்கில எழுத்து. இரண்டு ‘டி’, இரண்டு ‘எஸ்’. செவ்வாய் எந்த டி, வியாழன் எந்த டி என்று தெரியாமல் இரத்த அழுத்த மாத்திரை இரண்டு நாள் முன்னும் பின்னும் போகப் பார்த்தது. மனைவி மார்க்கர் பேனாவை எடுத்து மூடிகளின் மேல் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிவிட்டாள். பெட்டி செய்த கம்பெனிக்கு இது தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை மருந்துக் கடையில். ஆறு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பாதி கடையிலேயே நின்றுவிடுகிறது. நம் கையில் வருவது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. இந்த வயதில் எல்லா மாத்திரையும் வெள்ளைதான். அதனால் இப்போது முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது.

“சார், மேச் ஆகல. இன்னொரு தடவை போடுங்க.”

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கணக்குத் தொடங்கிய காலத்தில் நான் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயரின் அடியில் முழுக்க ஓடி, முனையில் சுழித்து நிற்கும். துணை அஞ்சலகத்தில் சப்-போஸ்ட்மாஸ்டராக இருந்த காலம் முழுக்க அந்த வாலை இழுத்திருக்கிறேன். பதிவேடு, சேமிப்புப் புத்தகம், மணியார்டர் என்று கை தானாகப் போகும். இப்போது வால் பாதி வழியில் நடுங்கி நின்றுவிடுகிறது. வங்கி மேசையில் உட்கார்ந்து, ஒரு பழைய சலானின் முதுகில் என் கையெழுத்தை நானே பார்த்துப் பழகினேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைத்தாரோ.

அவள் விடாதது சரிதான். கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் சொல்கிறேன், ஒத்துப்போகாத கையெழுத்துக்குப் பணம் கொடுப்பது உத்தியோகத்துக்கே உலை. ஆனால் ஆதாரும் புகைப்படமும் கொடுத்துப் புது மாதிரிக் கையெழுத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதை நாலாவது முயற்சிக்குப் பிறகு சொல்லியிருக்க வேண்டாம், முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்று புதுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதில் வால் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

எங்கள் தெருத் தபால்காரர் உயிர்ச்சான்று எடுக்க வந்தார். அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து செய்துகொடுக்கிறார்கள். கட்டணம் 70 ரூபாய். ஜீவன் பிரமாண் என்கிற இந்த மின்னணு உயிர்ச்சான்றுத் திட்டம் 2014இல் தொடங்கியதும் இதே நவம்பர் 10ஆம் தேதிதான்.

இவர் என்னிடம் வேலை பழகியவர். என் பிள்ளைகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். செருப்பைக் கழற்றும்போதே “சார், மூட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி ஊரில் கிடையாது. ஆனால் அவர் சொன்னால் செல்லாது. அவர் பையில் இருக்கும் கருவி சொல்ல வேண்டும்.

வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. இடது. சிவப்பு. ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் எல்லாம் வரிசையாகப் போய் வந்தன. கையைக் கழுவி, துண்டால் ஒற்றி, மறுபடி வைத்தேன். கருவிக்கு என்னைத் தெரியவில்லை. வயதானால் தோல் வறண்டு ரேகை மேடு தேய்ந்துவிடுமாம். எனக்கு அதோடு ரூபாய் நோட்டு எண்ணியதும், முத்திரை குத்தியதும் சேர்ந்துகொண்டன என்பது என் சொந்த ஆராய்ச்சி.

மணியார்டர் காலம் ஞாபகம் வந்தது. எழுதத் தெரியாத கிழவிக்கு மகன் அனுப்பிய பணம் வரும். தபால்காரர் அவள் பெருவிரலில் மை தடவிப் படிவத்தில் உருட்டுவார். தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அந்த ரேகையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது கிடையாது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும் என்பதுதான் அதில் உண்மையான காப்பு. அதிலும் மோசடி நடந்திருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். செத்தவர் பெயரில் பணம் வாங்கியவர்கள் உண்டு. அதனால்தான் இந்தக் கருவியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

“விடுங்க சார், முகத்தை எடுத்துடலாம்” என்றார். 2021இலிருந்து முகத்தைக் காட்டியும் சான்று வாங்கலாம். கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது, கழற்றினேன். முதுகுக்குப் பின்னால் வாசல் வெளிச்சம், முகம் இருட்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். வட்டத்துக்குள் முகம் வந்தது.

“கண்ணைச் சிமிட்டுங்க சார்.”

சிமிட்டினேன். போதவில்லையாம். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு, படம் சிமிட்டாது. புரை அறுவைக்குப் பிறகு என் வலது கண் கொஞ்சம் சோம்பேறி. குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தேன். சமையலறை வாசலில் நின்ற மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பச்சை வந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. தபால்காரர் காப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நவம்பர் 13, வியாழன்

குத்தாலத்தில் ஒரு துக்கத்துக்குப் போய் வந்தோம். நகரப் பேருந்தில் பெண் என்பதால் மனைவிக்குக் கட்டணமில்லை, எனக்கு டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து இப்படித்தான். ரயிலிலும் 60 வயது ஆண்களுக்கு இருந்த 40 சதவீதச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. “உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே” என்கிறாள் இலவசப் பயணி. கட்டணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் படி அவ்வளவு உயரத்தில் ஏன் இருக்க வேண்டும்?

நவம்பர் 17, திங்கள்

நேற்று ஐப்பசியின் கடைசி நாள், காவிரியில் கடைமுழுக்கு. மாயவரத்துத் துலாக்கட்டப் படிகளில் அந்தக் கூட்டத்தில் இறங்க என் முழங்கால் சம்மதிக்காது. இன்று, கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்குக்குப் போனேன். ஐப்பசி முடிவதற்குள் காவிரிக்கு வந்து சேர முடியாத முடவன் ஒருவனுக்காகச் சிவபெருமான் ஒரு நாளை நீட்டிக் கொடுத்தார் என்பது மாயவரத்துக் கதை. கொரோனா வருஷத்தில் அரசாங்கம் உயிர்ச்சான்றுக்கான கெடுவை அடுத்த பிப்ரவரி வரை நீட்டியபோதும் எனக்கு இந்த முடவன்தான் நினைவுக்கு வந்தான். எந்தச் சட்டத்திலும் அவனுக்கு ஒரு நாள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

எதிர்வீட்டு மாமி அழைத்தார். ரயில்வேயில் இருந்த கணவர் போய்ச் சில வருஷமாகிறது. இவருக்குக் குடும்ப ஓய்வூதியம். பிள்ளை துபாயில். ஆதாரோடு இணைந்திருந்த எண் கணவருடையது. அவர் போனபின் அந்த எண்ணும் போய்விட்டது. ஓடிபி யாருக்கு வரும்? அது பரவாயில்லை, தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் எண்ணை மாற்றிக் கொடுக்கிறார். பெரிய சிக்கல் வேறு. ஓய்வூதியக் கொடுப்பாணையை, அதாவது எல்லாரும் பிபிஓ என்று சொல்கிற காகிதத்தை, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் மாமியின் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. மாமிக்கு 80 முடிந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியத்துக்கும் அந்த 20 சதவீதம் உண்டு. பிறந்த தேதி பதிவாகாததால் வரவில்லை. “எவ்வளவு வருதோ அதுதான்னு இருந்துட்டேன்பா” என்றார்.

பான் அட்டையில் தேதி இருந்தது. விண்ணப்பம் எழுதி, நகலெடுத்து, விரைவுத் தபாலில் அனுப்பினேன். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ‘ரிஜிஸ்தர்’ என்று கேட்டதற்குக் கவுண்டர் பையன் சிரித்தான்.

நவம்பர் 28, வெள்ளி

இந்த மாத ஓய்வூதியம் வரவு வைத்தாகிவிட்டது.

மாமியின் கதைக்குப் பிறகு எங்கள் வீட்டு பிபிஓவை எடுத்துப் பார்த்தேன். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் அந்தக் காகிதம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. காட்டி வைத்தேன். எண்ணை அவளுடைய பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன், எழுதினாள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஓய்வூதியர் ஒருவர் இருந்தால் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பிபிஓ எங்கே இருக்கிறது, அதில் அம்மாவின் பிறந்த தேதி இருக்கிறதா, ஆதாரில் இருக்கும் எண் இப்போதும் உங்கள் வீட்டில்தான் ஒலிக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள்.