வார்டுக்குள் தொலைந்த குப்பங்கள்

ராயபுரத்திலிருந்து வடக்கே, காசிமேடு தாண்டி எண்ணூர் சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கன்டெய்னர் லாரிகளின் வரிசைதான். கடற்பக்கம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், திருவொற்றியூர் தாண்டினால் ஆலைச் சுவர்கள். ஊரே இல்லை, வெறும் தொழிற்பேட்டை என்று தோன்றிவிடும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் கடந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்கு வந்தால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே நீருக்குள் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் இருளர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இத்தனை குப்பங்களும் ஏட்டில் நகர வார்டுகள். அப்படி எண்ணுவதாலேயே இந்த மக்களின் வாழ்க்கை கணக்கில் ஏறாமல் போகிறது என்பதுதான் என் வாதம்.

2011 கணக்கெடுப்பின்போது, இந்தக் குப்பங்கள் அடங்கிய கத்திவாக்கம் தனி நகராட்சி. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அதுவும் திருவொற்றியூரும் மாநகராட்சிக்குள் வந்தன. கிராமம் என்றால் மக்கள்தொகைக் கையேட்டில் ஊர்ப் பெயரோடு ஒரு வரி இருக்கும். நகரத்தில் அந்த வரி வார்டுக்குப் போய்விடும். வார்டு அட்டவணையிலும் தொழில் நான்கே வகை: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதரர். வலை வீசுகிறவரும், அனல்மின் நிலைய கான்ட்ராக்ட் தொழிலாளியும், வங்கி மேலாளரும் 'இதரர்' என்ற ஒரே கட்டத்தில்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய்: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. யாருக்கு எந்தத் தொகை என்று பிரிக்க அவரவர் தொழில் தெரிந்திருக்க வேண்டும். படகே இல்லாமல் கையால் தடவுகிறவர், கூடை சுமந்து மீன் விற்கிற பெண் ஆகியோரின் எண்ணிக்கையை இடர் வந்த பிறகு அவசரமாகத் தேடினால் விடுபடுகிறவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கும் முழுத் தீர்வாகாது. மணமான ஆணை வைத்து வரி போடும் கணக்கு அது.

மீனவர்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்பது நியாயமான மறுப்பு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் தமிழகத்தில் 573 மீனவக் கிராமங்களையும் சுமார் 8 லட்சம் பேரையும் எண்ணியது. ஆனால் அது கடல் மீனவருக்கான கணக்கு. அப்பா ஆற்றில், மகன் துறைமுகத்தில் தினக்கூலி என்றிருக்கும் வீட்டை அது பாதிதான் காட்டும். இளைஞர்கள் ஆலைக்குப் போய்விட்டார்கள், இனி இவை நகரம்தான் என்பது இன்னொரு மறுப்பு. கான்ட்ராக்ட் முடிந்தால் அதே இளைஞன் வலைக்குத்தான் திரும்புகிறான். ஆறு கெட்டால் இரண்டாவது பிழைப்பும் போகிறது என்பதால், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

2027 கணக்கெடுப்பு இதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு. கணக்கெடுப்பவர் கேட்டு எழுதும் தொழிலைக் குப்பம் வாரியாகவும் வெளியிட்டாலே போதும். புதிய கேள்வி எதுவும் தேவையில்லை.