ஆறு காத்திருக்குமா?

மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு விண்வெளிப் போர் விளையாட்டுகள் உண்டு. 1993-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' சதுரங்கம் மாதிரி. நாம் காய் நகர்த்தும்வரை எதிரி காத்திருப்பான். 1999-இல் வந்த 'ஹோம்வேர்ல்ட்' அப்படியில்லை. யோசிக்கும்போதே மேலேயும் கீழேயும் கப்பல்கள் சூழ்ந்துவிடும். முதலாவதில் ஜெயிப்பேன், இரண்டாவதில் எப்போதும் தோல்விதான். "நான் யோசிக்கிற ஆளு"ன்னு பெருமை வேற!

ஒரு மழைநாளில் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறியது. எதை முதலில் எடுப்பது என்று திண்ணையிலேயே நின்றேன். அதற்குள் அம்மா கன்றுக்குட்டியை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டு வந்து, "ஆறு உனக்காக நிக்குமாடா?"ன்னு கேட்டாங்க. வெட்கமாகிவிட்டது.

மழைக்கு முன்பே யோசித்து வைப்பது முதல் விளையாட்டு. மழை வந்ததும் ஓடுவது இரண்டாவது. நண்பர்களே, நமக்கு இரண்டும் வேண்டும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்