அப்பாவின் ரிட்டர்னில் நான் அழித்த 70,000 ரூபாய்!

அன்று டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சாதாரணமானது. 'திருத்திய வருமான வரி ரிட்டர்ன்... டிசம்பர் 31 கடைசி நாள்; யாரெல்லாம் தாக்கல் செய்ய வேண்டும்?' என்று ஒரு கட்டுரை. ஆடிட்டர் ஒருவரிடம் போனில் பேசி, குறிப்பெடுத்து, டைப் செய்துகொண்டிருந்தேன்.

அவர் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான். "பேங்க்ல டி.டி.எஸ். பிடிக்கலைன்னா அந்த வட்டிக்கு வரி கிடையாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. அது தப்பு. பிடிக்காத வட்டியும் வருமானம்தான்."

அந்த வரியை டைப் செய்தேன். முற்றுப்புள்ளி வைக்கும்போது கை நின்றுவிட்டது. ஏனென்றால், அந்த 'நிறைய பேரில்' ஒருத்தி நான். அதுவும் என் கணக்கில் இல்லை... அப்பாவின் கணக்கில்!

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில். அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 28 வருடங்களாக வேலை பார்க்கிறார். இப்போது எடை மேடையும் சரக்கு அனுப்பும் பிரிவும் அவர் பொறுப்பு. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி எல்லாம் அவர் பார்வையில் எடை போட்டுத்தான் நகரும். வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. மகள் பத்திரிகையில் இருக்கிறாள், வரி பற்றியெல்லாம் எழுதுகிறாள் என்று அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

2025 செப்டம்பர் 15 ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 31-லிருந்து தள்ளிவைக்கப்பட்ட கடைசி நாள். நாள் முழுக்க ஆபீஸில் 'இன்றே கடைசி' என்று செய்தி போட்டுவிட்டு, இரவு மூர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்துதான் அப்பாவின் ரிட்டர்னைத் திறந்தேன். தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. மீஞ்சூர் தாண்டும்போதுதான் பக்கம் முழுதாக வந்தது.

ஃபார்ம் 16-ல் வரி பூஜ்யம். ஆனால், ரிட்டர்னில் கட்ட வேண்டிய வரி 24,440 ரூபாய் என்று காட்டியது. தேடிப் பார்த்தால், 'இதர வருமானம்' பகுதியில் டெபாசிட் வட்டி 70,000 ரூபாய் தானாகவே நிரம்பியிருந்தது. 26ஏ.எஸ்.ஸைப் பார்த்தேன். அதில் வங்கி டி.டி.எஸ். எதுவும் இல்லை. 'டி.டி.எஸ்.ஸே இல்லையே, அப்புறம் என்ன வரி? தளம் ஏதோ குளறுபடி செய்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த வரியை அழித்தேன். வரி பூஜ்யமானது. மனசும் லேசானது.

டூட்டியில் இருந்த அப்பாவுக்கு போன் செய்து, "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கப்பா" என்றேன். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கவரைப்பேட்டை வருவதற்குள் வேலை முடிந்தது. அந்த இரவே கெடுவை இன்னும் ஒரு நாள் நீட்டித்தார்கள். மறுநாள் காலை அந்தச் செய்தியையும் நானே போட்டேன். ஆனால், அழித்த வரியை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த 70,000 எங்கிருந்து வந்தது?

ஊத்துக்கோட்டை பக்கம் தாத்தாவுக்கு இருந்த நிலத்தை விற்றதில், அப்பாவின் பங்காக 10 லட்சம் வந்தது. 2024 மார்ச்சில் அதை இரண்டு வங்கிகளில் ஐந்தைந்து லட்சமாக டெபாசிட் செய்தார். ஒன்று என் பெயரைச் சொல்லி, ஒன்று தம்பியின் பெயரைச் சொல்லி. இரண்டும் இருப்பது அப்பாவின் கணக்கில்தான். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு 35,000 வட்டி.

60 வயதுக்குக் குறைவானவர்களுக்கு, 2024-25 நிதியாண்டில் ஒரு வங்கியில் கிடைக்கும் வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். பிடிப்பார்கள். இந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000. அப்பாவுக்கு இரண்டு இடத்திலும் 35,000 என்பதால் யாரும் பிடிக்கவில்லை. ஆனால், பிடிக்காவிட்டாலும் வங்கிகள் தகவலைக் கொடுத்துவிடும். அது, 2021 நவம்பரில் வருமான வரித்துறை அறிமுகப்படுத்திய ஏ.ஐ.எஸ். எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும். நான் 'குளறுபடி' என்று நினைத்தது, உண்மையில் அப்பாவின் வருமானம்.

வெறும் 70,000-க்கு 24,440 ரூபாய் வரியா என்று உங்களுக்கும் தோன்றலாம். 75,000 நிலைக்கழிவு போக, சேமிப்புக் கணக்கின் சின்ன வட்டியும் சேர்த்து அப்பாவின் வருமானம் 6,65,000. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை முழுத் தள்ளுபடி. டெபாசிட் வட்டியைச் சேர்த்தால் 7,35,000. கோட்டைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. 3 முதல் 7 லட்சம் வரைக்கு 5 சதவிகிதம், அதாவது 20,000. மீதி 35,000-க்கு 10 சதவிகிதம், 3,500. அதற்கு மேல் 4 சதவிகித செஸ் 940. மொத்தம் 24,440. (2025-26 நிதியாண்டில் இந்தத் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டது. ஆனால், நான் தாக்கல் செய்தது அதற்கு முந்தைய ஆண்டுக்கு.)

அக்டோபரில் 'உங்கள் ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை' என்று மின்னஞ்சல் வந்தபோது, எல்லாம் சரி என்றுதான் இருந்தேன். அது முதற்கட்டச் சரிபார்ப்பு மட்டுமே, பிறகும் கேட்கலாம் என்றார் ஆடிட்டர். இப்படி ஏ.ஐ.எஸ்.ஸுக்கும் ரிட்டர்னுக்கும் பொருந்தாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும் நடவடிக்கையை 2024 டிசம்பரிலேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்திருந்தது.

"உங்க கட்டுரைக்குத்தானே கேக்குறீங்க?" என்றார் ஆடிட்டர் கடைசியில். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரண்டாவது பொய்.

அந்த வாரம் அப்பா பி ஷிஃப்ட். நான் தூங்கிய பிறகு வருவார், அவர் எழுவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். அதையே சாக்காக வைத்து நான்கு நாள் ஓட்டினேன். அம்மாவிடம் சொன்னதற்கு, அங்கிருந்த மாமா முந்திக்கொண்டார். "கோடி கோடியா ஏமாத்துறவனை விட்டுட்டு உங்க அப்பன் வட்டியையா தேடி வரப்போறான்? நோட்டீஸ் வந்தா பார்த்துக்கலாம் விடும்மா." ஒரு நிமிஷம் அது நியாயமாகக்கூடப் பட்டது.

ஆனால், ரிட்டர்னில் இருப்பது என் பெயர் இல்லையே. நோட்டீஸ் வந்தால் அப்பா பெயருக்குத்தான் வரும். எங்கள் தெருவில் அப்பாவுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தப் பெயர்தான். நான் பள்ளியில் படித்தபோது ஒரு லாரியின் காலி எடையை அவர் தவறாகப் பதிந்துவிட்டார். அவர் கவனிப்பதற்குள் லாரி எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. யாருக்கும் தெரியாது. அவரே ஆபீஸுக்குப் போய்ச் சொல்லி, மெமோ வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல ஷிஃப்ட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "தெரியாம விட்டுப்போச்சுப்பா" என்று ஆரம்பித்தேன். பிறகு, அது பொய் என்று உறைத்தது. "இல்லப்பா, இருந்தது. நான்தான் அழிச்சேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் அழிச்ச?"

"டி.டி.எஸ். இல்லைன்னு..."

"தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாமே. வட்டி வந்தது எனக்குத் தெரியுமே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வரி பற்றித் தெரியாதவர் என்று நான் நினைத்த மனிதரிடம்தான் அன்று ரயிலிலிருந்து கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்விக்குப் பதில் இருந்திருக்கிறது. நான் அவரிடம் கேட்டது ஓ.டி.பி. மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டால் வரியும் வட்டியும் மட்டும்தான், தனி அபராதம் இல்லை என்றேன். அதைத் தவறவிட்டால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு வருடம் வரை 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போடலாம். ஆனால், முதல் வருடமென்றால் வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவிகிதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். எங்கள் கணக்குக்கு முதல் வருடமே ஏறக்குறைய 7,000 ரூபாய் அதிகம். நாம் சும்மா இருந்து அவர்களாகக் கண்டுபிடித்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவிகிதம் அபராதம். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 200 சதவிகிதம்.

"அதெல்லாம் கெடக்கட்டும். இன்னைக்கே போடு" என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவரே படித்தார். மதிப்பீட்டு ஆண்டு 2025-26, பிரிவு 139(5), திருத்திய ரிட்டர்ன். முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தேதியும் கேட்டது. இரண்டு வங்கிகளின் வட்டிச் சான்றிதழையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் அப்பா ஒப்பிட்டுச் சொல்லச் சொல்ல, நான் நிரப்பினேன். வரி 24,440. முன்கூட்டியே கட்டாததற்கும், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தாமதித்ததற்கும் வட்டி 3,424. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 27,860.

"நான் கட்டுறேன்ப்பா" என்றேன்.

"வட்டி வாங்கினது நான். வரி நான்தான் கட்டணும்" என்றார். ரொம்பக் கெஞ்சிய பிறகு, "வேணும்னா அந்த மூவாயிரத்தை நீ கொடு. அதுதான் உன் கணக்கு" என்றார். அதில் அட்வான்ஸ் டேக்ஸ் கட்டாத பங்கும் இருக்கிறது என்று நான் விளக்கவில்லை. ஜி பே-யில் 3,424 ரூபாய் அனுப்பினேன். அந்த மாதம் எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

பணம் கட்டி, செலான் விவரம் பதிந்து, ரிட்டர்னைச் சமர்ப்பித்ததும் ஓ.டி.பி. வந்தது. இந்த முறை அப்பா உடனே சொல்லவில்லை. திரையில் இருந்த தொகையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் எண்களைச் சொன்னார்.

மறுநாள் ஆடிட்டருக்கு போன் செய்து, அன்று கேட்டது கட்டுரைக்காக மட்டுமில்லை என்றேன். சிரித்தார். "டிசம்பர்ல எனக்கு வர்ற போன்ல பாதி இப்படித்தான்மா" என்றார். அதன்பிறகுதான் அந்தக் கட்டுரையை முடித்துக் கொடுத்தேன். மூன்றாவது பாயின்ட்டை முதலில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று கேட்டார். "பழைய ரிட்டர்ன் என்ன ஆகும்? அழிஞ்சுடுமா?"

"இல்லப்பா, அதுவும் அப்படியே இருக்கும். பழைய நம்பரைப் போட்டாத்தான் புதுசையே எடுத்துக்கும்."

"எங்க எடைச் சீட்டு மாதிரிதான். தப்பாப் போட்டா அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டு வைப்போம். கிழிக்க மாட்டோம்" என்றவர், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.